வளைவில் நின்ற சுவர்

கல்யாண வேனில் அன்று என்னோடு வந்தவர்களே, மலைமேல் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று நீங்கள் யாரும் இதுவரை என்னிடம் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் பேசிக்கொண்டிருப்பீர்கள். அது தப்பில்லை. நேரில் கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். மகளிர் குழுக் கூட்டத்தில் பாய் ஓரத்தில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ வருவதற்குள் எழுந்து போகிறவள் நான். பத்தாவது வரை படித்ததில் மிச்சம் இருப்பது, வாயால் வராததை எழுதிப் பார்க்கலாம் என்கிற தைரியம்தான்.

நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சித்தூரைத் தாண்டி மலை ஏறும்போது அந்தப் பெரிய வளைவில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள். இப்போது அங்கே சிமெண்ட் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். தள்ளுவண்டியில் மக்காச்சோளம் சுடுகிறார்கள். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று விற்கிறார்கள். நான் மட்டும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். "தல சுத்துது" என்று சொன்னேன். பொய்தான்.

குழு லீடரம்மாவின் பேத்திக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை கட்டி, ஜடைக்குப் பூ தைத்து விட்டிருந்தார்கள். அவளைத் தூக்கிச் சுவர்மேல் நிறுத்தினார்கள். ஒரு கை அவள் பாவாடை ஓரத்தை நன்றாகப் பிடித்திருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆபத்து ஒன்றுமில்லை. போன் வைத்திருந்தவர் சொன்னார்: "அந்தப் பக்கம் திரும்பி நில்லு கண்ணு, ஜட தெரியட்டும்."

குழந்தை திரும்பிப் பள்ளத்தைப் பார்த்து நின்றது.

அதற்குப் பிறகு நான் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை. "எறக்குங்க, எறக்குங்க" என்று கத்தியது என் குரல்தான் என்று பிறகுதான் தெரிந்தது. நான் இழுத்த இழுப்பில் ஜடைப்பூ அறுந்து கொட்டியது. குழந்தை வீறிட்டு அழுதது. லீடரம்மா, "இன்னாடி, உனுக்கு பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிகிச்சா?" என்றார். நியாயமான கேள்வி. பதில் நீளமானது.

அந்தச் சுவரைக் கட்டியது எங்கள் ஜனம். என் நைனாவும் அம்மாவும் அதற்குக் கல் சுமந்தவர்கள்.

*

எங்களுக்கு அப்போது நிலம் கிடையாது. கரும்பு வெட்டு முடிந்ததும் பாலசமுத்திரம் பக்கத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வேலையே இருக்காது. மேஸ்திரி ஒருவர் லாரி கொண்டுவந்து, சட்டி பானையோடு எங்களை ஏற்றிக்கொண்டு ரோடு வேலைக்குப் போவார். நான் மூன்றாவது முடித்திருந்த கோடை அது. நைனா, அம்மா, நைனாவின் அக்காவான அத்தை, நான். இன்னும் சில குடும்பங்கள். எல்லோரும் நம் எல்லை ஊர்க்காரர்கள்.

மலைப்பக்கம் பாறைக்கு அடியில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தோம். எதிர்ப்பக்கம் பள்ளம். நடுவில் ரோடு. தார் கொதிக்கிற புகை காலையில் ஆரம்பித்துவிடும். எதைத் துன்னாலும் அதில் தார் வாசனை இருக்கும். எங்கள் தலைமுடியில் ஒட்டிய தாரை அத்தை மண்ணெண்ணெய் தொட்டு உருவி எடுப்பாள். மலை இறங்கும் லாரிகளின் பிரேக் தீய்ந்த வாசனை தனி. ஏறும் லாரிகள் அந்த வளைவில்தான் மூச்சு வாங்க நிற்கும். கிளீனர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவான். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ஆள் உயரத்துக்கு ஆவி அடிக்கும். எங்களுக்கு அதுதான் வேடிக்கை.

எங்கள் வேலை அந்த வளைவை அகலமாக்கி, பள்ளத்து ஓரம் கருங்கல் சுவர் எழுப்புவது. முந்தைய வருஷம் ஒரு கல்யாண லாரி அங்கே பள்ளத்தில் போய்விட்டதாம். பெண் வீட்டார் லாரி. அதற்குப் பிறகுதான் சுவர் வேண்டும் என்று முடிவு செய்தார்களாம். கண்ட்ராக்டர் ஜீப்பில் வந்து நின்று கையை நீட்டிச் சொன்னார்: "செவுரு மட்டும் இல்ல. பெரிய மனுசங்க வண்டிய நிப்பாட்டிட்டு இங்கருந்து ஊர பாக்கணும். அந்த மாதிரி அழகா வேணும்."

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கீழே மாந்தோப்புகள், வெயிலில் தட்டு மாதிரி மின்னும் ஏரிகள், அதற்கப்பால் புகையாகச் சித்தூர். இதெல்லாம் இருந்தது என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்ததில்லை. சோறு துன்னும்போதுகூட பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்துதான் உட்காருவோம். லாரி எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரோட்டு வேலைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான்.

அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணில் கண்ணாடி வளையல் துண்டுகள் கிடைத்தன. சிவப்பு, பச்சை, பூப்போட்ட மஞ்சள். நசுங்கிய பித்தளைச் சொம்பு ஒன்று. ஒற்றைச் செருப்பு ஒன்று. சொம்பை மேஸ்திரி எடுத்துக்கொண்டார். வளையல் துண்டுகளைத் தொடக்கூடாது என்று அம்மா சொன்னாள். நான் பவுடர் டப்பா ஒன்றில் போட்டு வைத்துக்கொண்டேன். ஆட்டினால் மழை மாதிரி சத்தம் வரும். அந்த டப்பாவை எங்கே தொலைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

*

சுவர் நிற்கவில்லை.

இடுப்பு உயரத்துக்கு வந்ததும் ஒரு கோடை மழை அடித்தது. விடிந்து பார்த்தால் நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை. கல்லெல்லாம் பள்ளத்தில். கண்ட்ராக்டர் வந்து கத்தினார். கலவையில் சிமெண்ட் போடவில்லை என்றார். மேஸ்திரி சாமி மேல் சத்தியம் செய்தார். மறுபடி கட்டினார்கள். மறுபடி மழை. அதே இடம் விழுந்தது. முந்தின நாள் பகலில் நானும் மற்றப் பிள்ளைகளும் அந்த இடத்து நிழலில்தான் படுத்திருந்தோம். சுவருக்கு வெளியே வெட்டிவைத்த மேடையில். அது இப்போது இல்லை. மேடையே இல்லை.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

அன்று அத்தைதான் முதலில் சொன்னாள். "செவுரு பலி கேக்குது."

நம் வயதுக்காரர்களுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. பாலம் கட்டினாலும் அணை கட்டினாலும் பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்று நம்மை வீட்டுக்குள் இழுத்துப் போட்ட காலம் உங்களுக்கும் இருந்திருக்கும். லாரி கிளீனர்கள் ஊர் ஊராக அந்தக் கதையைக் கொண்டுவந்து இறக்குவார்கள். "கடப்பா பக்கம் பாலத்துக்கு ஒரு பொண்ண வெச்சிட்டாங்களாம் யக்கா, பாவாட கட்டி, பூ வெச்சி..." என்று ஒருவன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னான். சொன்னவன் வேறொருவனிடம் கேட்டவன். பார்த்தவன் ஒருவனும் இல்லை.

கண்ட்ராக்டரே சொன்னார்: "ஒரு கோழிய அறுத்து வுட்டுட்டு வேலைய பாருங்கய்யா." அவர் சிரித்துக்கொண்டே சொன்னது. மேஸ்திரி சேவல் வாங்கிவந்து அறுத்தார். ரத்தத்தை அஸ்திவாரத்தில் விட்டார். அன்று ராத்திரி எல்லோருக்கும் கறிச்சோறு. அடுத்த மழையில் சுவர் விழவில்லை, ஆனால் வயிறு தள்ளியது. வெளிப்பக்கமாக உப்பி நின்றது. மேஸ்திரி கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கோழி பத்தல" என்றார்.

அதற்குப் பிறகு எங்களைத் தனியாக வெளிக்குப் போக விடவில்லை. அத்தை தன் சேலை முந்தானையை என் இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

*

அவர் வர ஆரம்பித்தது அந்த நாட்களில்தான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து வளைவில் இறங்குவார். மதிய பஸ்ஸில் திரும்பிப் போவார். நைனாவை விடக் கொஞ்சம் மூத்தவர். வெள்ளைச் சட்டை, அழுக்காகாத செருப்பு, கையில் மஞ்சள் துணிப்பை. எங்களோடு பேச மாட்டார். சுவர் கட்டாத பக்கமாகப் போய் ஒரு கல்மேல் குந்திக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்த இடத்தில் கீழே பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதுவே அவர்மேல் முதல் சந்தேகம்.

"வேல வெட்டி இல்லாம பள்ளத்த பாத்துகினு குந்திகினு கீறான். இன்னா கீது அங்க?" என்றாள் அத்தை.

"ரோட்டு ஆபீசு ஆளா இருப்பான்" என்றார் நைனா.

"ஆபீசு ஆளு ஜீப்புல வருவான். இவன் வெள்ளிக்கெழம பாத்து வரான். பையில இன்னாமோ வெச்சினு கீறான். அப்படியே தூக்கினு வரான், அப்படியே தூக்கினு போறான்."

"அந்தாளு கிட்ட கேட்டா போச்சி."

"கேட்டா சொல்லுவானா? நீ ஒரு கூறு கெட்டவன்."

அத்தை சொன்னதில் ஒன்று உண்மை. அவர் பள்ளத்தைப் பார்க்காத நேரத்தில் எங்களைப் பார்ப்பார். பெண் பிள்ளைகளை மட்டும். அதிலும் என்னை. புதுச் சுவர்மேல் போர்த்திய சாக்கை நனைக்க நான் தண்ணீர் எடுத்துப் போகும்போது அவர் கண் என்மேல் இருப்பது எனக்குத் தெரியும். பயமாக இல்லை. அது எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. நம்மைப் பார்க்கிறார்கள், ஆனால் நம்மைப் பார்க்கவில்லை என்று சில சமயம் தோன்றுமே, அப்படி.

ஒருநாள் நான் பாறை நிழலில் பவுடர் டப்பாவை ஆட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு அவர் வந்தார்.

"இன்னா கண்ணு அது?"

டப்பாவைத் திறந்து காட்டினேன். அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பூப்போட்ட மஞ்சள் துண்டை ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் திருப்பி டப்பாவிலேயே போட்டு மூடினார்.

"எத்தினியாவது படிக்கற?"

"மூணு முடிச்சிட்டேன்."

"எம் பொண்ணும் மூணுதான்" என்றார். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவர் பேசியது நம் பேச்சுதான். சத்தியவேடு பக்கத்துப் பேச்சு. இதை அப்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்மைப் போலப் பேசுகிறவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

*

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பையைத் திறந்தார்.

பெரியவர்கள் எல்லோரும் உப்பிய இடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடப்பாரைச் சத்தம். அவர் என்னைப் பாறைப் பக்கம் கூப்பிட்டார். பையிலிருந்து ஒரு பாவாடையை எடுத்தார். பச்சை. மஞ்சள் கரை. கடை மடிப்பு கலையாமல் இருந்தது. புதுத்துணியின் கஞ்சி வாசனை தார்ப்புகையையும் தாண்டி வந்தது. எனக்கு அப்போது இருந்தது பள்ளிக்கூடத்துப் பாவாடை இரண்டுதான். அந்தப் பச்சையிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இத கட்டிகினு, அந்தப் பக்கமா பாத்துகினு கொஞ்ச நேரம் நில்லு கண்ணு. போதும். அப்பறம் நீயே வெச்சிக்கோ."

அந்தப் பக்கம் என்று அவர் காட்டியது சுவர் பிரித்த இடத்தை. வெறும் பள்ளத்தை.

தார் டிரம்முக்குப் பின்னால் அத்தை நின்றிருந்தாள். அவள் போட்ட கூச்சலை நான் இன்றும் தூக்கத்தில் கேட்கிறேன். "யப்பா! கொழந்தைய தள்ளப் பாக்கறான்டா! பாவாட குடுத்து பள்ளத்துல தள்ளப் பாக்கறான்டா!"

கடப்பாரைச் சத்தம் நின்றது. எல்லோரும் ஓடி வந்தார்கள். மேஸ்திரி பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தார். மஞ்சள், குங்குமப் பொட்டலம், தேங்காய், கற்பூரம், வாழையிலையில் சுற்றிய மல்லிகைச்சரம், எலுமிச்சம்பழம், அதை அறுக்க ஒரு சின்னக் கத்தி.

கத்தி. அவ்வளவு போதுமாக இருந்தது.

அவர் வாயைத் திறந்தார். "பூவாடைக்கி..." என்று ஆரம்பித்தார். அதற்குள் நைனா கையிலிருந்த மண்வெட்டிக் காம்பு அவர் வாயில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் வார்த்தையாக வரவில்லை.

என்னைக் காப்பாற்றத்தான் நைனா அடித்தார். இத்தனை வருஷமாக அதை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆறுதலாக இல்லை.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "அவரு அழுதாரும்மா, அன்னிக்கு அழுதாரு" என்றேன். அத்தைக்குத்தான் அது காதில் விழுந்தது. "அழுவான்டி. வெட்டறதுக்கு முன்னாடி ஆட்டுக்கு தண்ணி காட்டறான் இல்ல, அந்த மாதிரி" என்றாள்.

அம்மா தரையில் கிடந்த பொருள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இது பூவாட சாமானு மாதிரி கீது."

பூவாடை என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு பக்கத்தார் படித்தால் தெரியட்டும் என்று எழுதுகிறேன். நம் வீடுகளில் கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் செத்துப்போனால் அவளைச் சாமியாக வைத்துக் கும்பிடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டு மூலையில் புதுப்பாவாடை, பூ, மஞ்சள், பழம் வைத்துப் படைப்போம். பிறகு அந்தப் பாவாடையை அதே வயதுப் பெண் ஒருத்திக்குக் கட்டிவிட்டு, அவளைச் செத்தவளாகவே நினைத்து நிற்கவைத்துப் பார்ப்போம். அப்படிக் கட்டிக்கொண்டு ஒருத்தி நின்றால்தான் செத்தவள் மனசு ஆறும் என்பது நம் நம்பிக்கை. அங்கே நின்ற எல்லோர் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. எல்லோர் கையும் அந்தச் சாமான்களை வாங்கி அடுக்கிய கைதான்.

மேஸ்திரி சொன்னார்: "பூவாடைய வூட்டு மூலையில வெப்பாங்க. ரோட்டுல எவன் வெப்பான்?"

அம்மா மறுபடி சொல்லவில்லை. அவளும் என்னைப் போலத்தான். எதையும் ஒரு தடவைக்குமேல் சொல்ல மாட்டாள்.

அவரைக் காலி தார் டிரம்மோடு சேர்த்துக் கட்டினார்கள். கண்ட்ராக்டர் ஜீப் வரட்டும், போலீசிடம் கொடுக்கலாம் என்று பேச்சு. உச்சி வெயில் இரும்பில் அடித்தது. ஏறுகிற லாரி, இறங்குகிற லாரி எல்லாம் நின்றது. "இன்னா மேட்டரு?" என்று கேட்டு, "புள்ள புடிக்கறவன்" என்று தெரிந்ததும் ஒவ்வொருவனும் இறங்கி ஓர் அடி அடித்துவிட்டு ஏறினான். சக்கரத்துக்குப் போடுகிற கட்டையாலேயே ஒருவன் அடித்தான். பிறகு அதே கட்டையைச் சக்கரத்துக்குப் போட்டான்.

எங்களைக் கூடாரத்துக்குள் தள்ளித் தார்ப்பாயை இழுத்துவிட்டிருந்தார்கள். தார்ப்பாயில் ஓட்டை இருந்தது.

*

மதிய பஸ் வந்தது. கண்டக்டர் தெலுங்குக்காரர், எங்களோடு தமிழும் பேசுவார். வெள்ளிக்கிழமைகளில் அந்த வெள்ளைச் சட்டைக்காரரை ஏற்றிப் போகிறவர் இந்தக் கண்டக்டர்தான். வளைவில் ஆள் நிற்கவில்லையே என்று எட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் பஸ் நிற்பதற்குள் குதித்து ஓடி வந்தார்.

"ஒத்து! ஒத்து! அடிக்காதீங்க! அய்யோ, ஏமி சேசினாரய்யா மீரு? இன்னாய்யா பண்ணிட்டீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இவரு பொண்ணு அந்தக் கல்யாண லாரியில போச்சிய்யா. எல்லாரையும் எடுத்தாங்க, அந்தப் பாப்பாவ மட்டும் கெடைக்கல."

மேஸ்திரிதான் கேட்டார்: "அப்ப வூட்ல படைக்க வேண்டிதுதான? இங்க இன்னாத்துக்கு?"

"அவரு பொண்டாட்டி வுடல. பாப்பா உயிரோட கீது, எவனோ இட்டுகினு பூட்டான், வந்துடும்னு கதவுக்கு தாழ் போடாம குந்திகினு கீது அந்தம்மா. வூட்டு மூலையில பாவாட வெச்சா செத்துட்டான்னு ஆவுமே? அதான் வேலைக்கு போறேன்னு சொல்லிட்டு இங்க வராரு. இங்க யாரனா ஒரு பொண்ணு கட்டிகினு நின்னா போதும்னு சொல்லிகினே இருப்பாரு. கேக்க கூச்சப்பட்டுகினு திரும்பத் திரும்ப பைய தூக்கினு போவாரு."

அம்மா கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். வாயில் நிற்கவில்லை, சட்டையில் வழிந்தது. பஸ்ஸில் பின் சீட்டில் படுக்கவைத்தார்கள். சீட்டில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்கள்.

அடுத்த நாள் அந்த பஸ் வளைவில் நிற்கவில்லை. கண்டக்டர் படியில் நின்று, எங்களைப் பார்த்துக் கையை மட்டும் விரித்துக் காட்டினார். ஆள் பிழைக்கவில்லை.

நைனா மண்வெட்டியைப் பள்ளத்தில் எறிந்தார். அத்தை, "நான் கொழந்தைக்குதான கத்தினேன், நான் கொழந்தைக்குதான" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கண்ட்ராக்டர் அன்று சாயங்காலம் வந்தார். எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "வேடிக்க பாக்க வந்த ஆளு, கால் வழுக்கி கீழ வுழுந்தான். நீங்க தூக்கி பஸ்ஸுல ஏத்துனீங்க. அவ்ளோதான். அந்த எடத்துல வுழாதவன் எவன்? ஒருத்தனும் கேக்க மாட்டான்." ஒருத்தனும் கேட்கவில்லை. அந்தம்மாவுக்கு யார் போய் என்ன சொன்னார்களோ, கதவு என்ன ஆனதோ, எங்களுக்குத் தெரியாது.

கூடவே இன்னொன்றும் செய்தார் கண்ட்ராக்டர். ஜீப்பில் என்ஜினீயர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் பிரித்த இடத்தைப் பார்த்துவிட்டு, மலையிலிருந்து வடிகிற தண்ணீருக்கு வழி விடவில்லை, அது பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளுகிறது என்றார். இரும்புக் குழாய்த் துண்டுகளை வாங்கிவந்து சுவரில் வரிசையாகக் குறுக்கே வைத்துக் கட்டச் சொன்னார். கட்டினார்கள். பெரிய மழை ஒன்று வந்தது. குழாய் வழியாகச் சிவப்புத் தண்ணீர் கொட்டியது. சுவர் அசையவில்லை.

காலையில் சுவரைப் பார்த்துவிட்டு மேஸ்திரி கை கூப்பினார். "வாங்கிகிச்சி" என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள். அத்தையும்.

*

பாவாடையை எரித்துவிடச் சொன்னார் நைனா. அம்மா சரி என்றாள். ஆடி மாதம் ஊரில், எங்கள் வீட்டு மூலையில் அம்மா கோலம் போட்டு, பூவும் மஞ்சளும் வைத்து, அந்தப் பச்சைப் பாவாடையை எடுத்துப் படைத்தாள். எங்கள் வீட்டில் கன்னி கழியாமல் செத்த பெண் யாருமில்லை. "யாருக்கும்மா?" என்று கேட்டேன். "கட்டிகினு நில்லு" என்றாள். எனக்கென்று அளவெடுத்ததுபோல் இருந்தது. நைனா வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமல் அப்படியே தெருவில் இறங்கிப் போனார்.

அந்தப் பாவாடையை நான் பள்ளிக்கூடத்துக்குக் கட்டினேன், களையெடுக்கக் கட்டினேன், கிழிந்தது. பிறகு பாத்திரம் இறக்குகிற பிடிதுணியானது. பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. நம் வீடுகளில் துணிக்கு வேறு கதி ஏது?

நைனா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் எல்லோர் போனிலும் பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்று படம் சுற்றியது ஞாபகமிருக்கிறதா? நம் தெருவிலேயே போர்வை விற்க வந்த வடக்கத்திப் பையனை இளவட்டங்கள் பிடித்துக் கரண்ட் கம்பத்தில் சாய்த்து நிறுத்தினார்கள். நைனாவுக்கு அப்போது நடக்க முடியாது. கட்டிலிலிருந்து விழுந்து, ஊர்ந்து தெருவுக்கு வந்தார். "பைய பாக்காதீங்கடா! மொதல்ல தண்ணி குடுங்கடா! அவன பேச வுடுங்கடா!" என்று கத்தினார். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீங்கள்கூடச் சொன்னீர்கள். பையனை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நைனா ரொம்ப நாள் இல்லை.

அன்று நான் குழந்தையை இறக்கிய பிறகு, நீங்கள் எல்லோரும் அவளைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, சுவர்மேல் சாய்ந்து வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தேன். ரோடு எத்தனை தடவை மாறியும் அந்தச் சுவரை விட்டுவைத்திருக்கிறார்கள். வெள்ளை அடித்திருக்கிறார்கள். குழாய்கள் துருப்பிடித்து வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சுவர் நிற்பது அதனால்தான். பக்கத்தில் சோளம் சுடுகிறவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "பயப்படாதீங்கம்மா, இது பலி வாங்குன செவுரு, வுழவே வுழாது" என்றார். அந்தப் பேச்சு இன்னும் அங்கேயே இருக்கிறது. அன்று அடிபட்டவரின் பெயரோ ஊரோ அங்கே யாருக்கும் தெரியாது. அவர் பெண் பெயர் எனக்கே தெரியாது.

லீடரம்மா, உங்கள் பேத்தியை நான் அழவைத்துவிட்டேன். மன்னியுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் நான் போனில் வைத்திருக்கிறேன். நான் கத்துவதற்கு முன்னால் எடுத்தது. பச்சைப் பாவாடை, ஜடை நிறையப் பூ, பள்ளத்தைப் பார்த்து நிற்கும் ஒரு பெண் குழந்தையின் முதுகு. ஒரு போட்டோ எடுக்கிற நேரம்தான் அவள் அப்படி நின்றாள்.

அவர் என்னிடம் கேட்டதும் அவ்வளவு நேரம்தான்.